ஓவர்டைம் தர்மம் அல்ல, கடன்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நம் சமுதாயத்துக்கு 'ஓவர்டைம்' என்ற வார்த்தையை யாரும் விளக்கத் தேவையில்லை. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எத்தனையோ வீடுகளின் அடுப்பு, கடல் கடந்து போன பிள்ளையின் சம்பளத்தில்தான் எரிகிறது. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் பேசும்போது தாய் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியாப்பா?" என்பது. அடுத்த கேள்வி, "கம்பெனியில ஓவர்டைம் போட்டுக் கொடுத்தானா?" என்பது. கொடுக்கவில்லை என்று மகன் சொன்னால் அந்த வீடே கொதிக்கிறது. "அரபிக்காரன் பிள்ளையின் உழைப்பைத் தின்கிறான்" என்று தெருவே பேசுகிறது.

கொதிக்க வேண்டியதுதான். அது நியாயமான கொதிப்பு.

ஆனால் அதே வீட்டின் தகப்பனாருக்கோ தாய் மாமனுக்கோ ஊரில் ஒரு ஜவுளிக் கடையோ, மளிகைக் கடையோ, இரும்புக் கடையோ இருக்கிறது. அந்தக் கடையில் நான்கு பையன்கள் வேலை செய்கிறார்கள். காலை 9 மணிக்கு ஷட்டரைத் தூக்குபவர்களும் அவர்களே, இரவு 9.30 மணிக்கு இறக்குபவர்களும் அவர்களே. "இவர்களுக்கு ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓவர்டைமா? நம்ம கடையிலயா?" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வளைகுடாவில் நம் பிள்ளைக்காக நாம் கேட்கும் நியாயத்தை, நம் கடையில் நிற்கும் பிறர் பிள்ளைக்கு நாம் கொடுக்கிறோமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அவற்றில் ஒன்று, 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு. 1936இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965இன் போனஸ் சட்டம், 1976இன் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் இந்த ஒரே தொகுப்புக்குள் வந்துவிட்டன. இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்து வருகின்றன. அந்த எதிர்ப்பின் நியாயங்களை வேறொரு சமயம் பேசலாம். இன்று நாம் பேசுவது முதலாளி தரப்பில் இருக்கும் நம்மவர்களின் பொறுப்பு பற்றி.

"புதுச் சட்டம் வந்து விட்டது, என்ன ஆகுமோ" என்று சில வியாபாரிகள் பதறுகிறார்கள். கடைக்காரரைப் பொறுத்தவரை முக்கியமான விதிகள் எதுவும் புதியவை அல்ல! தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு. அந்தச் சட்டம் சொல்வது இதுதான்:

கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கூடுதல் நேர வேலை வாங்கலாம். ஆனால் அதையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தையும் ஒரு வாரத்தில் 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தவருக்கு 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு கூலி. ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. நோய்க்கும் அவசரத்துக்கும் தனித்தனியே விடுப்பு.

இதன் மேல் 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள் சேர்ந்து, ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றையச் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை.

2019இல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. 2022லும் 2025லும் அது நீட்டிக்கப்பட்டது. அந்த ஆணையின் முதல் வரியை மட்டும் படித்த வியாபாரிகள் பலர். அதன் நிபந்தனைகளைப் படித்தவர்கள் சிலரே. கடை 24 மணி நேரம் திறந்திருக்கலாம், ஆனால் ஊழியருக்கு 8 மணி நேரம்தான் வேலை. கூடுதல் நேரம் சேர்ந்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரம். சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரக் கூலி உட்படச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அனுமதி கிடைத்தது கடைக்கு. கடையில் நிற்கும் மனிதனின் கால்களுக்கு அல்ல!

கால்கள் என்றதும் இன்னொன்று. கடை ஊழியர் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டத் திருத்தமே நிறைவேற்றியது. அதற்கு முன் 2018இல் கேரளம் இதைச் செய்தது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் நின்றே வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளிப் பெண்ணின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றார்கள். ஒரு ஸ்டூலுக்காக ஒரு போராட்டம், அதற்கொரு சட்டம். ஸ்டூல் கொடுப்பதற்குக் கூட ஒரு முதலாளிக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால் வெட்கப்பட வேண்டியது யார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிகளுக்குப் பிரசங்கத்தை விடக் கணக்குப் பிடிக்கும். எனவே கணக்காகவே பேசுவோம்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு கடைப் பையனுக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 26 வேலை நாட்களால் வகுத்தால் நாள் கூலி 600 ரூபாய். 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு, அதாவது மணிக்கு 150 ரூபாய்.

அந்தப் பையன் காலை 9 முதல் இரவு 9.30 வரை கடையில் இருக்கிறான். பன்னிரண்டரை மணி நேரம். சாப்பாடு, தேநீர், தொழுகை என்று ஒன்றரை மணி நேரத்தைக் கழித்து விடுங்கள். 11 மணி நேர வேலை. 8 மணி நேரம் போக 3 மணி நேரம் கூடுதல். 26 நாளைக்கு 78 மணி நேரம். மணிக்கு 150 வீதம் 11,700 ரூபாய்!

அவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் முக்கால் பங்கு, அவனுக்குக் கொடுக்காமல் விட்ட பணமாகக் கல்லாவில் தங்குகிறது. ஓராண்டுக்கு 1,40,400 ரூபாய். நான்கு பையன்கள் என்றால்? ஐந்து வருடம் என்றால்? நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 11 மணி நேரம் வேலை வாங்குவதையே சட்டம் அனுமதிக்கவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து விட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்று நினைப்பது தவறு. கூடுதல் நேரம் என்பது பெருநாள், பொங்கல், தீபாவளி விற்பனை போன்ற நெருக்கடி நாட்களுக்கு. அதையே தினசரி வழக்கமாக்க முடியாது. எல்லையை மீறி வேலை வாங்கியது ஒரு குற்றம். அந்த வேலைக்குக் கூலி கொடுக்காதது இன்னொரு குற்றம்.

கடன் எப்போது கடனாகிறது?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'இஜாரா' என்ற பாடம் நினைவிருக்கும். கூலிக்கு ஆள் அமர்த்தும் ஒப்பந்தம் அது. வேலை என்ன, காலம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய வரலாறு குர்ஆனில் கஸஸ் அத்தியாயத்தில் இருக்கிறது. பேசிய காலம் எட்டு ஆண்டு. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா நபியின் சொந்த விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று வேலை கொடுப்பவரே சொல்லி விடுகிறார். கூடுதல் காலம் என்பது உழைப்பவரின் விருப்பம் என்ற பண்பாட்டை அன்றே பார்க்கிறோம். நம் கடைகளிலோ கூடுதல் நேரம் என்பது கேட்கப்படுவதே இல்லை. "வீட்டுக்குப் போகணும்" என்று 8 மணிக்குச் சொல்லும் பையனுக்கு "வேலை செய்ய விருப்பமில்லாதவன்" என்று பெயர் வைக்கிறோம்.

எடை குறைப்பவர்களைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் முழங்குகிறோம். முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே அதற்காக இருக்கிறது என்று சொல்கிறோம். வாடிக்கையாளருக்கு ஒரு கிலோவில் ஐம்பது கிராம் குறைத்தால் ஹராம் என்று நம் எல்லா வியாபாரிகளுக்கும் தெரியும், அல்ஹம்துலில்லாஹ். தராசில் அரிசியை மட்டும்தான் நிறுக்கிறோமா? மனிதனின் நேரத்தையும் நிறுக்கிறோமே! 8 மணி நேரத்துக்கு விலை பேசி 11 மணி நேரத்தை அள்ளிக் கொள்வது எந்த எடை? தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தான் அந்த அத்தியாயம் கண்டிக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

"வீட்டுப் பிள்ளை மாதிரி"

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "ஹஜ்ரத், அவனை நாங்கள் வேலைக்காரனாகவே நினைக்கவில்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி. எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுகிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு உதவி செய்தோம். பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம்."

நல்ல குணம். மறுப்பதற்கில்லை. நம் வியாபாரிகளிடம் இருக்கும் இந்தப் பாசம் பெரிய நிறுவனங்களில் கிடைக்காது. ஆனால் ஒரு கேள்வி. வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. கடைப் பிள்ளைக்கு உண்டா? இல்லை. வீட்டுப் பிள்ளை மதியம் தூங்கினால் எழுப்ப மாட்டோம். கடைப் பிள்ளை தூங்கினால்? உழைக்கும் நேரத்தில் வீட்டுப் பிள்ளை, கூலி கேட்கும் நேரத்தில் அந்நியன் என்றால் அது என்ன உறவு? சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். முதலாளியோடு வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோரை 1947ஆம் ஆண்டுச் சட்டம் 'ஊழியர்' என்று கணக்கில் எடுப்பதில்லை. மற்ற எல்லோரும் ஊழியர்கள். எல்லோருக்கும் கணக்கு உண்டு.

இன்னும் சிலர் ரமளானில் கொடுக்கும் ஜகாத்தைக் கடைப் பையன்களுக்கே கொடுத்து விட்டு, "வருஷா வருஷம் போனஸ் மாதிரி கொடுக்கிறோம்" என்கிறார்கள். ஏழையாக இருந்தால் அவனுக்கு ஜகாத் கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய கூலியை ஜகாத்தில் கழிக்க முடியாது. கூலி அவனுடைய உரிமை. ஜகாத் உங்கள் மீது அல்லாஹ் விதித்த கடமை. ஒரே ரூபாயை இரண்டு கடமைக்குக் கணக்கு எழுதினால் இரண்டும் நிறைவேறாது. முதலில் கூலியைக் கொடுங்கள். அதன் பிறகும் அவன் ஏழையாக இருந்தால் ஜகாத் கொடுங்கள். கூலியை முழுதாகக் கொடுத்திருந்தால் அவனுக்கு ஜகாத் தேவைப்பட்டே இருக்காது என்பது தனி விஷயம்!

வியாபாரிகளின் நியாயம்

வியாபாரிகளின் கஷ்டத்தை அறியாமல் இதை எழுதவில்லை. கடை வாடகை ஏறி விட்டது. ஜி.எஸ்.டி. கணக்கு எழுதவே தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. பெரிய பெரிய நிறுவனங்கள் சிறிய ஊர்களிலும் கிளை திறக்கின்றன. செல்போனைத் தட்டினால் சரக்கு வீட்டு வாசலுக்கு வருகிறது. சிறு வியாபாரி நெருக்கப்படுகிறான் என்பது உண்மை.

ஆனால் அந்த நெருக்கடியை யார் தலையில் இறக்கி வைப்பது? வாடகையைக் குறைக்கச் சொன்னால் கட்டடக்காரர் கேட்க மாட்டார். வட்டார மொத்த வியாபாரி சரக்கு விலையைக் குறைக்க மாட்டார். அரசு வரியைக் குறைக்காது. எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் கடைக்குள் இருக்கிறார். அவர் தலையில்தான் எல்லாச் சுமையும் இறங்குகிறது. பலமுள்ளவனிடம் பேரம் பேசத் தைரியமில்லாமல் பலவீனனிடம் எடுத்துக் கொள்வதற்கு வியாபாரத் திறமை என்று பெயரா?

வழி இருக்கிறது. மூன்று பேர் இருக்கும் கடையில் ஒருவர் காலை 9 முதல் மாலை 6 வரை, மற்ற இருவர் பகல் 12.30 முதல் இரவு 9.30 வரை என்று நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேர ஓய்வு போக ஒவ்வொருவருக்கும் சரியாக 8 மணி நேரம். காலையில் கூட்டம் குறைவு. மாலையில் கூட்டம் அதிகம், அப்போது இருவர் இருக்கிறார்கள். முறை மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. நெருக்கடி நாட்களில் மட்டும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கூடுதல் நேரம் வாங்குங்கள். ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுங்கள். சம்பளத்தோடு ஒரு சீட்டில் கணக்கை எழுதிக் கொடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரை "அடுத்த மாசம் வா" என்று அலைய விடாதீர்கள். இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

கல்லாவில் பணம் குறைந்தால் உடனே சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அவருடைய கவனக் குறைவால்தான் நஷ்டம் ஏற்பட்டது என்று தெரிய வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவே கூடாது. இதுவும் சட்டம்.

மீறினால் என்ன? கொடுக்க வேண்டியதை விடக் குறைவாகக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மறுபடியும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் மூன்றாண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பாக்கி கேட்டு மனுக் கொடுக்கலாம். குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இந்தக் கெடு ஆறே மாதமாக இருந்தது. பாக்கித் தொகையோடு அதில் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. கொடுத்து விட்டேன் என்பதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். நோட்டு எழுதாத முதலாளி எதைக் காட்டி நிரூபிப்பார்? ஆய்வாளர் வந்தால் பயந்து கொண்டு 'கவனித்து' அனுப்பும் செலவை விட, ஒரு நோட்டு வாங்கி எழுதும் செலவு மிகக் குறைவு. கணக்கு சரியாக இருப்பவர் எவருக்கும் கை நீட்ட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் எப்படி?

சவூதிச் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதி சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரமளான் மாதத்தில் முஸ்லிம் ஊழியருக்கு நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கூடுதல் நேரத்துக்குக் கால் பங்கு அதிகம், இரவு 10 முதல் அதிகாலை 4 வரையிலான நேரமாக இருந்தால் பாதிப் பங்கு அதிகம். அங்கே சம்பளம் வங்கி வழியாகப் போகிறதா என்று அரசே கண்காணிக்கும் முறை 2009இல் வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. சட்டம் இருந்தும் அங்கே ஏமாற்றப்படுபவர்கள் உண்டு. நம் பிள்ளைகளின் கண்ணீரே அதற்குச் சாட்சி.

நம் தமிழ்நாட்டிலோ சட்டம் இரண்டு மடங்கு கொடுக்கச் சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால் சவூதியை விட நம் சட்டம் தாராளமானது. கடையில் பார்த்தால்? ரமளானில் சவூதிக் கம்பெனி நோன்பாளிக்கு வேலை நேரத்தைக் குறைக்கிறது. நம் ஊர் ஜவுளிக் கடைகளிலோ ரமளானில்தான் வேலை நேரம் கூடுகிறது. பெருநாள் விற்பனைக்காக நள்ளிரவு வரை துணி மடிக்கும் நோன்பாளிப் பையனுக்குத் தராவீஹும் இல்லை, ஓவர்டைமும் இல்லை!

இளைஞர்களே!

கடையில் வேலை செய்யும் என் தம்பிமார்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் உரிமையைக் கேட்பது முதலாளிக்குத் துரோகம் செய்வது அல்ல. ஆனால் உரிமையைக் கேட்கும் கைக்குக் கடமையும் இருக்கிறது. 9 மணிக்கு வர வேண்டியவர் 9 மணிக்கு வர வேண்டும். செல்போனில் மூழ்கி நிற்பது உழைப்பு நேரமாகாது. முதலாளியின் சரக்கு உங்களிடம் அமானிதம்.

நீங்கள் வேலை செய்த நேரத்தை நீங்களும் ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று தெரிந்து கொள்ளுங்கள். சென்னை நகர விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு அதன் அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. பயப்படத் தேவையில்லை.

கடையில் நிற்பவர் மட்டும் அல்ல, அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகளில் டிரிப் கணக்குக்கு ஓடும் ஓட்டுநர்களும், மூட்டை தூக்கும் தொழிலாளிகளும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள். தூக்கமில்லாமல் ஓட்டும் ஓட்டுநரின் கூடுதல் நேரம் அவரை மட்டும் பாதிப்பதில்லை. சாலையில் போகும் பள்ளிப் பிள்ளையின் உயிரையும் பாதிக்கிறது.

1923இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்திய நாள் அது. சரியாக நூறாண்டு கழித்து 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. அதே ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அரசு 12 மணி நேரம் என்றபோது நாடே எதிர்த்தது. ஆனால் எந்த மசோதாவும் இல்லாமல் நம் கடைத் தெருக்களில் 12 மணி நேர வேலை தினமும் நடந்து கொண்டிருக்கிறது. அதை எதிர்க்க யார் இருக்கிறார்கள்?

நாம் கேட்பது

அரசிடம் கேட்கிறோம்: குறைந்தபட்ச ஊதியமும் கூடுதல் நேர விதிகளும் சாதாரணக் கடைக்காரருக்கும் கடைப் பையனுக்கும் புரியும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் மாட்டச் செய்யுங்கள். அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் போன்ற ஊர்களில் தொழிலாளர் துறை முகாம் நடத்தி வியாபாரிகளுக்கு விளக்குங்கள். சோதனை என்ற பெயரில் சிறு கடைக்காரரை மட்டும் மிரட்டி விட்டு, பெரிய நிறுவனங்களின் வாசலில் வணக்கம் வைத்துத் திரும்பாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்கிறோம்: தலாக் பஞ்சாயத்துக்கும் இடத் தகராறுக்கும் கூடுகிறீர்கள். கூலிப் பாக்கிக்கும் ஒரு நாள் கூடுங்கள். வேலை செய்பவர் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவருடைய முறையீட்டைக் கேளுங்கள். நம் கடைகளில் மாற்று மதச் சகோதரர்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். இஸ்லாம் நீதியைச் சொல்கிறது என்பதை அவர்கள் நம் மேடைப் பேச்சில் கேட்டு அறிய வேண்டியதில்லை. மாதக் கடைசியில் வாங்கும் சம்பளக் கவரில் அறிய வேண்டும். நம் உரிமைக்காக அரசின் வாசலில் கோஷம் போடும் நாம், நம் வாசலில் நிற்பவரின் உரிமையை மறுத்தால் அந்தக் கோஷத்துக்கு என்ன மதிப்பு?

வியாபாரிகளிடம் ஒன்றே ஒன்று.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜனாஸாவைத் தொழ வைப்பதற்கு முன் மகனோ சகோதரனோ முன்னால் நின்று, "மரணித்தவர் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வைத்திருந்தால் வாரிசுகளான எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் தீர்க்கிறோம்" என்று அறிவிப்பார்கள். மொத்த வியாபாரி வருவார். சீட்டுப் பிடித்தவர் வருவார். கை மாற்றுக் கொடுத்தவர் வருவார். கடைசி வரிசையில் பத்தாண்டு நம் கடையில் நின்ற பையன் நிற்பான். தினம் மூன்று மணி நேரம், பத்தாண்டுப் பாக்கி அவனிடம் இருக்கிறது. அவன் வாய் திறக்க மாட்டான். எந்த நோட்டிலும் அது எழுதப்படவில்லை. வாரிசுகளுக்கும் தெரியாது.

ஆனால் அது கடன்தான். ஊரார் முன்னால் கேட்கப்படாத கடன், அல்லாஹ்வின் முன்னால் கேட்கப்படும். அங்கே ரூபாயில் தீர்க்க முடியாது. நன்மைகளில்தான் தீர்க்க வேண்டும்.

எனவே இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். நேரத்தை எழுதுங்கள். எட்டு மணிக்கு மேல் நின்ற ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மணிக் கூலி போடுங்கள். பழைய பாக்கியைப் பையனை உட்கார வைத்துப் பேசித் தீருங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் தவணையில் கொடுங்கள். கொடுக்கும்போது அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "தம்பி, இது உனக்கு நான் கொடுக்க வேண்டியது" என்று சொல்லிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் வியாபாரத்தில் பரக்கத் அங்கிருந்துதான் தொடங்கும்.